தினமும் ஜெபம் பண்றேன், ஆனாலும் போன் அடிச்சா கை நடுங்குது: இது விசுவாசமா, வெறும் பழக்கமா?

தம்பி, உங்க கேள்விய மூணு தரம் படிச்சேன். உங்களுக்கு ஓசூர்ல வேலை, அம்மா பள்ளிகொண்டா பக்கம் ஊர்ல சித்தி கூட இருக்காங்க, வாரம் ரெண்டு நாள் டயாலிசிஸ். ஒன்றரை வருஷமா ஒரு நாள் விடாம காலையில அஞ்சு மணிக்கு எழுந்து வேதம் வாசிச்சு ஜெபம் பண்றீங்க, ஆனாலும் ராத்திரியில சித்தி நம்பர்லேருந்து போன் வந்தா கை நடுங்குது, அதனால "ஆழமான விசுவாசம் வர என்ன பண்ணணும், நான் பண்றது வெறும் பழக்கம்தானா"ன்னு கேட்டிருக்கீங்க. வழக்கமா இதுக்கு இன்னும் அதிகமா ஜெபம் பண்ணுங்க, உபவாசம் இருங்கன்னு சொல்லுவாங்க. எனக்கென்னமோ நீங்க கேட்டது அது இல்லன்னு தோணுது. உள்ளுக்குள்ள இருக்கறது ரெண்டு கேள்வி. பயம் இருக்குன்னா விசுவாசம் இல்லன்னு அர்த்தமா, அது ஒண்ணு. மனசுல ஒண்ணும் தோணாமலே தினமும் செஞ்சுட்டு வர்ற காரியத்துக்கு ஏதாவது பலன் இருக்கா இல்ல நானே என்னை ஏமாத்திக்கிறேனா, அது இன்னொண்ணு.

நான் யாருன்னு முதல்லயே சொல்லிடறேன், அப்பதான் நான் சொல்றத எவ்வளவு தூரம் எடுத்துக்கலாம்னு உங்களுக்கு தெரியும். நான் ஆயர் இல்ல. 33 வருஷம் வேலூர்ல நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ, அதுல கடைசி 12 வருஷம் முதுகுத்தண்டு அடிபட்டவங்க வார்டு. எங்க சபையில பெண்கள் ஐக்கிய சங்கத்துல வேதபாடம் எடுக்கறேன், அதுக்காக சபை மக்களுக்கான இறையியல் படிப்பு ரெண்டு வருஷம் தபால்ல படிச்சேன். அவ்வளவுதான் என் படிப்பு. மீதி எல்லாம் வார்டுலயும் என் வீட்டுலயும் பாத்தது.

பயத்த பத்தின கேள்விக்கு எனக்கு சந்தேகமே இல்லாத பதில் சங்கீதம் 56, மூணாவது வசனம். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயப்படாத நாளிலன்னு எழுதல பாருங்க. பயமும் நம்பிக்கையும் ஒரே வரியில, ஒரே ஆளுக்குள்ள, ஒரே நாள்ல இருக்கு. மாற்கு 9-ல ஒரு அப்பா மகனை கூட்டிட்டு வந்து கண்ணீரோட "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்"னு கத்தறார். இயேசு அவர்கிட்ட, போய் விசுவாசத்த முழுசாக்கிட்டு அப்புறம் வான்னு சொல்லல, இருந்த விசுவாசத்தோடயே ஏத்துக்கிட்டு மகனை சொஸ்தமாக்கினார். உங்களுக்கு கை நடுங்குது, நடுங்கற கையாலயே போன எடுக்கறீங்க, "சொல்லு சித்தி"ன்னு கேக்கறீங்க, என்னன்னு விசாரிச்சுட்டு பணம் அனுப்பறீங்க, மறுநா காலையில மறுபடியும் அஞ்சு மணிக்கு எழுந்துக்கறீங்க. இதுல விசுவாசம் எங்க இல்லாம போச்சுன்னு நீங்கதான் எனக்கு சொல்லணும்.

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன், அதுக்குதான் நிறைய சொல்லணும். அந்த தபால் படிப்புல எங்களுக்கு சொல்லிக்குடுத்த ஒரு விஷயம் இன்னிக்கு வரைக்கும் என் கூடவே இருக்கு. எபிரேய பாஷையில எமுனான்னு ஒரு வார்த்தை. நம்ம தமிழ் வேதத்துல அது எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி வராது. ஆபகூக் 2-ல "தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்"னு இருக்கே, அங்க எமுனா விசுவாசம்னு வருது. புலம்பல் 3-ல "அவைகள் காலைதோறும் புதியவைகள்; உமது உண்மை பெரிதாயிருக்கிறது"ன்னு இருக்கே, அங்க அதே எமுனா உண்மைன்னு வருது. யாத்திராகமம் 17-ல அமலேக்கியரோட யுத்தம், மோசே குன்று மேல கைய தூக்கிட்டு நிக்கறார், கை அசந்து போகுது, ஒரு கல்ல கொண்டு வந்து போட்டு உக்கார வைக்கறாங்க, ஒரு பக்கம் ஆரோன், இன்னொரு பக்கம் ஊர்ங்கறவர், ரெண்டு பேரும் தாங்கிப் பிடிக்கறாங்க, பொழுது சாயற வரைக்கும் அவர் கை "ஒரே நிலையாயிருந்தது"ன்னு முடியுது. அந்த ஒரே நிலையும் எமுனாதான். விசுவாசம்னா நெஞ்சுக்குள்ள பொங்கி வர்ற ஒண்ணுன்னு நாம நினைச்சுட்டு இருக்கோம், ஆனா இங்க அந்த வார்த்தை ஒரு வயசான மனுஷனோட வலிக்கற கைய பத்தி, அதுவும் ரெண்டு பேர் தாங்கினதால கீழ விழாம நின்ன கைய பத்தி சொல்லுது. நம்பறதும், விடாம நிக்கறதும், பொய் இல்லாம இருக்கறதும் அந்த பாஷையில ஒரே வார்த்தை. நாமதான் மூணா பிரிச்சு வச்சுக்கிட்டு, விடாம நிக்கறேன் ஆனா நம்பிக்கை வரலையேன்னு கவலப்படறோம்.

இத எனக்கு புரிய வச்சது வார்டு. முதுகுத்தண்டு அடிபட்டவங்களுக்கு அடிபட்ட இடத்துக்கு கீழ உணர்ச்சி போயிடும். நாம ஒரே பக்கமா படுத்தா வலிக்கும், தூக்கத்துலயே திரும்பிக்குவோம். அவங்களுக்கு வலியும் தெரியாது, தானா திரும்பவும் முடியாது. எலும்பு துருத்திக்கிட்டு இருக்கற இடம், வால் எலும்பு பக்கம், இடுப்போரம், குதிகால், அங்கெல்லாம் அழுத்தம் பட்டுப் பட்டு ரத்த ஓட்டம் இல்லாம தோல் செத்துடும். புண்ணு ஆரம்பிக்க சில மணி நேரம் போதும், ஆறணும்னா மாசக்கணக்குல ஆகும், அந்த புண்ணாலயே உயிர் போனவங்களும் உண்டு. இதுக்கு மருந்து கிடையாது, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்கணும், அதான் வைத்தியம். இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம். ரெண்டு முட்டிக்கு நடுவுல ஒரு தலகாணி, முதுகுக்கு முட்டு குடுத்து ஒண்ணு, குதிகால் மெத்தையில படாம ஒண்ணு. திருப்பும்போது டார்ச் அடிச்சு தோல பாக்கணும், செவந்திருந்தா விரலால அழுத்தி எடுக்கணும், வெளுத்துட்டு திரும்ப செவந்தா பரவால்ல, அழுத்தியும் வெளுக்காம நின்னா புண்ணு ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். நம்ம மாதிரி கருப்பு தோல்ல செவப்பு சரியா தெரியாது, தொட்டு அந்த இடம் மட்டும் சூடா இருக்கா கெட்டியா இருக்கான்னு பாக்கணும். ஒரு நாளைக்கு 12 தரம், நடுராத்திரி ரெண்டு மணிக்கும் உண்டு, நாலு மணிக்கும் உண்டு. இத ஒழுங்கா செஞ்சா என்ன தெரியும்னா, ஒண்ணும் தெரியாது தம்பி. தோல் நேத்து எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கும். வர வேண்டிய புண்ணு வரல, அவ்வளவுதான், அத யாரும் போட்டோ எடுத்து காட்ட முடியாது.

உங்க ஒன்றரை வருஷத்த நான் இப்படித்தான் பாக்கறேன். வளர்ந்த மாதிரி ஒண்ணும் தெரியலன்னு எழுதியிருக்கீங்க, ஆனா இந்த ஒன்றரை வருஷம் அது இல்லாம போயிருந்தா உங்க மனசு இப்ப எங்க புண்ணாகி இருந்திருக்கும்னு உங்களுக்கு தெரியாது, அது தெரியாத மாதிரிதான் அந்த வேலை நடக்கும்.

இங்க என் தப்பு ஒண்ணையும் சொல்லியாகணும். வேலைக்கு சேர்ந்து நாலாவது வருஷம், அப்ப பொது வார்டு, நைட் டூட்டி. பக்கவாதம் வந்த ஒரு பெரியவர், அவரையும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பணும். 12 மணிக்கு திருப்பிட்டு, சார்ட்டுல ரெண்டு மணி கட்டத்துலயும் இப்பவே டிக் போட்டுட்டா வேலை முடிஞ்சுதுன்னு போட்டுட்டேன். டெஸ்க்ல தலைய சாச்சவ கண்ணு முழிக்கும்போது நாலரை. ஓடிப் போய் பாத்தா குதிகால்ல ஒரு ரூபா காசு அளவுக்கு செவப்பு, அழுத்தறேன் வெளுக்கல. சார்ட்ட பாத்தா எல்லாம் சரியா இருக்கு, என்னை தவிர யாருக்கும் தெரியாது. காலையில ஹேண்டோவர் வரைக்கும் நெஞ்சு அடிச்சுக்கிச்சு, கடைசியில இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். அவங்க சத்தம் போடல. சார்ட்ட எடுத்து என் கையில குடுத்து, "நீயே அடிச்சுட்டு நிஜத்த எழுது, டாக்டர் உன் முகத்த பாத்து மருந்து எழுதறதில்ல, இத பாத்துதான் எழுதறாரு"ன்னாங்க. அந்த பெரியவர் குதிகால் ஆற அஞ்சு வாரம் ஆச்சு, தினமும் நான்தான் ட்ரெஸ்ஸிங் பண்ணேன். "கொஞ்சத்திலே உண்மையுள்ளவன்"னு லூக்கா 16-ல வர்ற வசனம் எங்க எழுதியிருந்தாலும் எனக்கு அந்த ஒரு கட்டம்தான் ஞாபகம் வரும்.

இத ஏன் சொல்றேன்னா, தினமும் செய்யறதுல ஆபத்து பழக்கமாகறது இல்ல, பொய் டிக் போடறதுதான். மனசு காலியா இருக்கும்போது ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு வாயால நிரப்பறது பொய் டிக். "ஆண்டவரே இன்னிக்கு எனக்கு ஒண்ணுமே தோணல, நீங்க கேக்கறீங்களான்னு கூட தெரியல, ஆனா வந்து உக்காந்திருக்கேன்"னு சொன்னீங்கன்னா அது உண்மையான கட்டம். வேதத்துலயே இதுக்கு இடம் இருக்கு. 150 சங்கீதத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு புலம்பல், 88-வது சங்கீதம் கடைசி வரி வரைக்கும் வெளிச்சமே வராம முடிஞ்சுடுது, அதையும் எடுத்துப் போடாம ஜெபப் புஸ்தகத்துலயே வச்சிருக்காங்க. தினமும் உண்மைய சொல்லி பழகின ஒருத்தர்கிட்டதான நமக்கு நம்பிக்கை வளரும், மனுஷங்க கிட்டயும் அப்படித்தான, கர்த்தர்கிட்ட மட்டும் ஏன் நாம நல்ல சேலை கட்டிக்கிட்டு போய் நிக்கணும்னு நினைக்கறோம்னு எனக்கு வருத்தமா இருக்கும்.

வார்டுல இருந்த ஒரு அம்மாவ பத்தி சொல்லாம இத முடிக்க முடியாது. ஒடுகத்தூர் பக்கம் மலையடிவாரத்துல ஊர். வீட்டுக்காரர் புளி உலுக்க மரம் ஏறி விழுந்தவர், இடுப்புக்கு கீழ ஒண்ணும் வேலை செய்யல. அந்த அம்மாவுக்கு அப்ப முப்பது வயசு கூட இருக்காது, ரெண்டு சின்னப் பிள்ளைங்க ஊர்ல பாட்டிகிட்ட. எங்க வார்டுல கூட இருக்கறவங்களுக்கு எல்லாமே சொல்லிக்குடுத்துதான் வீட்டுக்கு அனுப்புவோம், திருப்பறது, யூரின் ட்யூப் பாத்துக்கறது, சக்கர நாற்காலியில உக்காந்தா கால் மணி அரை மணிக்கு ஒரு தரம் கைய ஊனி உடம்ப தூக்கறது, எல்லாம். முதல் மாசம் அந்த அம்மா தினமும் என்னை நிறுத்தி, "இன்னா சிஸ்டர், எப்ப எழுந்து நடப்பாரு"ன்னு கேக்கும். நடக்க மாட்டாருன்னு டாக்டர் சொல்லியாச்சு, அதுக்கு தெரியும், ஆனாலும் கேக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு செக்கப்புக்கு வந்தாங்க. அவர திருப்பி பாத்தேன். வால் எலும்பு, இடுப்பு, குதிகால், ஒரு தழும்பு இல்ல. ரெண்டு வருஷம், குடிசை வீடு, ராத்திரி பகல். எப்படிம்மா பாத்துக்கிட்டன்னு கேட்டதுக்கு அது சொன்னத அன்னிக்கே வீட்டுக்கு போய் நோட்டுல எழுதி வச்சேன். "இன்னா பண்றது சிஸ்டர், ரெண்டு மணிக்கு எழுந்து திருப்பி வுட்டுட்டு படுத்தா மறுபடியும் நாலு மணி. எங்க கெங்கம்மாகிட்ட அவருக்கு காலு குடுன்னு கேக்கறத வுட்டுட்டேன். ராத்திரில என்னை எழுப்பி வுட்டுடுன்னு மட்டும் கேட்டுக்கினு படுப்பேன். ஒரு நாளு கூட எழுப்பாம வுடல."

அந்த அம்மா கெங்கையம்மன கும்பிடறவங்க, நான் கிறிஸ்தவ. சாமி விஷயத்துல நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுன்னு சொல்ல வரல, ஆனா அன்னிக்கு அந்த வார்டுல நம்பிக்கைய பத்தி யார் யாருக்கு பாடம் எடுத்தாங்கன்னு எனக்கு தெரியும். கேக்கறத சின்னதாக்கிக்கிச்சு. சின்னதாக்கினது தினமும் கிடைச்சது. தினமும் கிடைச்சதால எழுப்பறவங்க மேல நம்பிக்கை ஆழமாச்சு. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்"னு நம்ம ஆண்டவர் சொல்லிக்குடுத்ததும் இன்னிக்கு உள்ளதுதான், அடுத்த வருஷத்துக்கு உள்ளது இல்ல. பஞ்ச காலத்துல எலியா தீர்க்கதரிசிக்கு அடை சுட்டுக் குடுத்த சாறிபாத் ஊர் விதவைக்கு மா பானை நிறையல, செலவழிஞ்சு போகாம இருந்துச்சு, அவ்வளவுதான். காலையில பானைய தொறந்து பாத்தா அடியில கொஞ்சம் மா, அன்னிக்கு அடைக்கு போதும். மறுநாளைக்கு இருக்குமான்னு மறுநாதான் தெரியும். அப்படி தினமும் தொறந்து பாத்துதான் அவளுக்கு பழக்கமாகியிருக்கணும்.

இப்ப எது நிச்சயம், எது சந்தேகம்னு பிரிச்சு சொல்றேன். கர்த்தர் உண்மையுள்ளவர்னு வேதம் சொல்றதும், அது நம்ம ஜெபத்துக்கு கூலியா வர்றது இல்லங்கறதும் எனக்கு நிச்சயம். காலைதோறும் புதியவைகள்னு எழுதினது நகரமே எரிஞ்சு அழிஞ்ச பிறகு அந்த இடிபாட்டுல இருந்து, எல்லாம் நல்லா இருந்த நாள்ல இல்ல. தினமும் ஒரு சின்ன ஒழுங்கு வச்சிருந்த குடும்பங்க கஷ்டத்துல கொஞ்சம் நல்லா தாங்கினாங்கன்னு 12 வருஷம் பாத்தேன், ஆனா அது என் கண்ணால பாத்ததுதான், சட்டம்னு சொல்ல மாட்டேன், ஜெபமே பண்ணாத குடும்பங்களும் அருமையா தாங்கியிருக்காங்க. விசுவாசம் இருந்தா அம்மாவுக்கு சுகம் நிச்சயம்னு யாராவது சொன்னா, நான் அத சொல்ல மாட்டேன். என்னை விட பெரிய விசுவாசிங்க அந்த வார்டுல இருந்தாங்க, நடக்காமதான் வீட்டுக்கு போனாங்க. ஏன்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல, பதில் இருக்கற மாதிரி பேசறவங்ககிட்ட கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க, முக்கியமா பேச்சு முடிவுல காணிக்கை அனுப்ப சொன்னா.

என் வீட்டுக்காரர் 2011-ல ஸ்ட்ரோக் வந்து 19 நாள் இருந்தார். அந்த 19 நாளும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நானே திருப்பினேன், வேற யாரையும் விடல, ஒவ்வொரு தரமும் ஜெபம் பண்ணிக்கிட்டே திருப்பினேன். புண்ணு இல்லாத முதுகோட அவர அடக்கம் பண்ணோம். அதுக்கப்புறம் மூணு வருஷம் வேதத்த தொறந்தா எழுத்து எழுத்தாத்தான் தெரியும், உள்ள ஒண்ணும் இறங்காது. ஞாயித்துக்கிழமை போய் கடைசி பெஞ்சுல உக்காந்துட்டு வருவேன். சங்கத்துல இருந்த ஒரு அக்கா புதன்கிழமை தவறாம வீட்டுக்கு வருவாங்க, ஆறுதல் வார்த்தை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஒரு சங்கீதம் வாசிப்பாங்க, நான் போட்டு குடுத்த டீய குடிச்சுட்டு போயிடுவாங்க. மூணு வருஷம் அப்படி வந்தாங்க. ஆரோனையும் ஊரையும் நான் நேர்ல பாத்தது அவங்ககிட்டதான். திடீர்னு ஒரு நாள் வெளிச்சம் வந்துச்சுன்னு சாட்சி சொல்ல எனக்கு எதுவும் இல்ல. ஆனா 2015-ல என் பொண்ணுக்கு பிரசவத்துல சிக்கல், ராத்திரி 11 மணிக்கு ஆபரேஷன் தியேட்டருக்கு கொண்டு போறாங்க, வெளிய நிக்கறேன், கை உங்களுக்கு நடுங்கற மாதிரியேதான் நடுங்குச்சு, 30 வருஷ நர்ஸுக்கு. ஆனா ஒரு வித்தியாசம், அது எனக்கு மறுநாதான் உறைச்சுது. முன்னெல்லாம் நான் பேரம் பேசுவேன், இத குடுங்க நான் அத செய்யறேன், இவ்வளவு பொருத்தனைன்னு. அன்னிக்கு பேரமே வரல. "இங்கயே இருங்க"ன்னு மட்டும்தான் சொல்லிட்டு இருந்திருக்கேன். ஆழமான விசுவாசம்னு நீங்க கேக்கறது எதுன்னு என்னை காட்ட சொன்னா நான் அதத்தான் காட்டுவேன். நடுக்கம் அப்படியே இருந்துச்சு, பேரம் போயிடுச்சு. எந்த நாள்ல போச்சுன்னு தேடினா கிடைக்கல, அந்த காஞ்சுபோன மூணு வருஷத்துக்குள்ள எங்கயோதான் போயிருக்கணும்.

நம்ம ஊர்ல இத பெரிய அளவுல காட்டிட்டு போனவங்க இருக்காங்க. டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல ஒரு வண்டி விபத்துல இடுப்புக்கு கீழ செயலிழந்து போச்சு, டாக்டரா இருந்தவங்க பேஷண்டா படுத்தாங்க. அப்புறம் சக்கர நாற்காலியில உக்காந்துக்கிட்டே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் பண்ணாங்க, வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வந்து, 1966-ல வேலூர் பாகாயத்துல மறுவாழ்வு மையம் வந்ததுக்கு அவங்கதான் காரணம். அவங்க நடக்கல. முதுகுத்தண்டு நோயாளிங்கள எப்படி பாத்துக்கணும்னு இந்த பக்கம் நாங்க கத்துக்கிட்டது அந்த வேர்லேருந்துதான். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மா கதைய நீங்க சண்டே ஸ்கூல்லயே கேட்டிருப்பீங்க, திண்டிவனத்துல ஒரே ராத்திரியில மூணு பேர் வந்து பிரசவத்துக்கு கூப்பிட்டது, மூணு பொண்ணுங்களும் செத்துப் போனது, அதுலதான் அவங்க டாக்டராகணும்னு முடிவு பண்ணது. எல்லா பிரசங்கத்துலயும் அந்த ராத்திரிதான் வரும். எனக்கு அத விட பெருசா தெரியறது உங்க குடியாத்தம் ரோடு. 1900-ல அந்த ஆஸ்பத்திரி சின்ன மருந்தகமா ஆரம்பிச்சு, 1918-ல பெண்களுக்கு மருத்துவப் பள்ளி வந்தது எல்லாருக்கும் தெரியும், நடுவுல வாரா வாரம் அந்த ரோட்டுல வண்டிய எடுத்துக்கிட்டு போய் மரத்தடியில காத்திருக்கற ஜனங்களுக்கு புண்ணு கழுவி மருந்து குடுத்த வருஷங்கள யாரும் பிரசங்கத்துல சொல்றதில்ல. அழைப்பு ஒரு ராத்திரி, மரத்தடி அத்தனை வருஷம்.

நீங்க என்ன பண்ணலாம்னா, முதல்ல அஞ்சு மணியையே பிடிச்சு தொங்காதீங்க, ஷிப்டு மாறினா நேரமும் மாறட்டும். ரொம்ப மோசமான நாள்லயும் செய்ய முடியற அளவுக்கு சின்னதா ஒண்ணு வச்சுக்கங்க, ஒரு சங்கீதம், ரெண்டு நிமிஷம் சும்மா உக்காரறது, ஒரு உண்மையான வாக்கியம். நல்ல நாள்ல கூட செய்யுங்க, வேணாம்னு சொல்லல. தினம் அஞ்சு சங்கீதம்னா 30 நாள்ல 150-ம் முடியும், பழைய சபைங்க சிலதுல அப்படி மாசத்துக்கு ஒரு தரம் முழுசா வாசிச்சாங்க, ஆனா டயாலிசிஸ் அன்னிக்கு அஞ்சு வேண்டாம், ஒண்ணு போதும். ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா மறுநா ரெட்டிப்பா பண்ணி சரிக்கட்டாதீங்க, வனாந்தரத்துல ஜனங்களுக்கு கர்த்தர் குடுத்த ஆகாரமான மன்னாவ தலைக்கு ஒரு ஓமர் அளவுன்னு அன்னிக்கன்னிக்கு பொறுக்க சொன்னாங்க, மறுநாளைக்கு எடுத்து வச்சது பூச்சி பிடிச்சு நாறிப் போச்சு, ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும்தான் ரெண்டு பங்கு. ஒரு சின்ன நோட்டு போடுங்க, அதுல ஜெபத்துக்கு கிடைச்ச பதிலெல்லாம் எழுத வேண்டாம், அது சீக்கிரம் கணக்கு கேக்கற நோட்டாயிடும். இன்னிக்கு எத தாண்டினோம்னு ஒரு வரி. "அம்மா டயாலிசிஸ் முடிஞ்சு ரெண்டு இட்லி சாப்பிட்டாங்க." அவ்வளவு போதும். ஆறு மாசம் கழிச்சு அத திருப்பிப் பாக்கும்போதுதான் நான் சொல்ற மா பானை உங்களுக்கு தெரியும்.

தனியா பண்ணாதீங்க, இது ரொம்ப முக்கியம், உங்க கேள்வியில ஒரு இடத்துல கூட கூட யாராவது இருக்கற மாதிரி தெரியல. ஓசூர்ல ஒரு சபைய பாத்து சேருங்க, ஒண்ணும் தோணாத ஞாயித்துக்கிழமையும் போங்க. ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டு ரெண்டு பேருமா பரமண்டல ஜெபத்த சொல்லி முடிங்க, ஒரு நிமிஷம் ஆகாது, அப்ப போன்னா கெட்ட செய்தின்னு உங்க கை கத்துக்கிட்டத கொஞ்சம் கொஞ்சமா மறக்கும். இந்த நேரம் போன் வந்தா அது அம்மாதான்னு ஆகட்டும். பழக்கம்னு கேவலமா நினைக்காதீங்க. தானியேலுக்கு சிங்கக் கெபி வரும்னு தெரிஞ்ச பிறகும் மேலறைக்கு போய் "தான் முன் செய்துவந்தபடியே" முழங்கால் போட்டார்னு 6-ம் அதிகாரத்துல இருக்கு, அன்னிக்குன்னு புதுசா தைரியம் தேடல, பழகின இடத்துல பழகின மாதிரி முழங்கால் போட்டார்.

நர்ஸா ரெண்டு வார்த்தை. கை நடுக்கத்தோட தூக்கம் போகறது, நெஞ்சு படபடப்பு, மூச்சு அடைக்கிற மாதிரி, சாப்பாடு பிடிக்காம போகறது, இதெல்லாம் வாரக்கணக்கா இருந்தா டாக்டர பாருங்க, மனநல டாக்டரா இருந்தாலும் சரி, அது விசுவாசக் குறை இல்ல, ரொம்ப நாள் ஒரே பக்கமா படுத்த உடம்பு மாதிரி ரொம்ப நாள் ஒரே கவலைய சுமந்த மனசு. அம்மாவுக்கு ஜெபம் பண்றோம்னு யார் சொன்னாலும் ஒரு டயாலிசிஸ் கூட தள்ளிப்போட விடாதீங்க, தண்ணி அளவும் உப்பும் டாக்டர் சொன்னபடியே இருக்கட்டும், கை கால் வீங்குனாலோ படுத்தா மூச்சு வாங்குனாலோ அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அன்னிக்கே கூட்டிட்டு போக சொல்லுங்க. பாத்துக்கற சித்தி எப்படி இருக்காங்கன்னு யாராவது கேக்கறாங்களா? வார்டுல நான் பாத்த வரைக்கும் கூட இருக்கறவங்கதான் முதல்ல ஒடிஞ்சு போவாங்க, அடுத்த தரம் ஊருக்கு வந்தா ஒரு முழு நாள் அவங்கள தூங்க விட்டுட்டு நீங்க பாத்துக்கங்க.

அம்மாவுக்கு டயாலிசிஸ் எந்தெந்த கிழமைன்னு நீங்க எழுதல. எழுதுங்க தம்பி, அந்த ரெண்டு கிழமைய என் நோட்டுல குறிச்சு வச்சுக்கறேன்.